நாற்பத்திரண்டாம் நாள் யார் துணை?

(துவாக்குடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வுக்காகவும், போனஸுக்காகவும், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கவும் பல முறை இங்கே கூடியிருக்கிறோம். இன்று குடியைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். “சங்கத்துக்கு இது என்ன வேலை? இது கோயிலில் பேச வேண்டிய விஷயம் அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். போராடி வாங்கிய கூலி வீட்டுக்குப் போய்ச் சேருகிறதா, வழியில் நின்றுவிடுகிறதா என்பது சங்கத்தின் விஷயம்தான். நாற்பது வயதில் ஈரல் கெட்டுச் சாகிற வெல்டரின் மரணமும், களத்துமேட்டில் சுருண்டு விழுகிற நடவாளின் மரணமும் சங்கத்தின் விஷயம்தான்.

நாம் இங்கே யாருக்கும் ஒழுக்க உபதேசம் செய்ய வரவில்லை. குடிக்கிறவனைத் திட்டுவது எளிது. திட்டி நின்றவன் யாரும் இல்லை. குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போய், பத்து நாளோ முப்பது நாளோ இருந்து, நல்லபடியாகத் திரும்பிய தோழர்கள் ஏன் மூன்று மாதத்தில் மறுபடியும் அதே கடை வாசலில் நிற்கிறார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறோம். இந்தக் கேள்வியில் பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மலை மக்களின் துயரமும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் கண்ட வழியிலிருந்து நாமும், நாம் கண்ட வழியிலிருந்து அவர்களும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

யார் கஜானா நிறைகிறது?

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உண்டாயிற்று. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்துகிறது. 2023-24ஆம் ஆண்டில் மதுவிலிருந்து சர்க்காருக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். இந்தப் பணத்தில் பெரும்பகுதி அன்றாடம் வேர்வை சிந்துகிறவன் மடியிலிருந்து போனது.

நம்முடைய தஞ்சாவூர்ச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் சாலையோரத்தில் மூடிய கடைகள் பல ஊர்களில் குடியிருப்புகளுக்குள்ளும் வயல்வெளிகளுக்குள்ளும் திறக்க வந்தன. 2017-இல் தமிழ்நாடெங்கும் பெண்கள் திரண்டு அவற்றைத் தடுத்தார்கள். கடையை எங்கே வைப்பது என்ற சண்டை அன்று நாடெங்கும் நடந்தது. குடித்து நோயாளியானவனை எங்கே வைத்துக் குணப்படுத்துவது என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

இன்னொரு கணக்கு. 2019-இல் மத்திய சர்க்காரின் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு தழுவிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மதுவுக்கு அடிமையாகி நோயாளிகளாகிவிட்டவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வகைச் சிகிச்சை கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பது 180 பேரில் ஒருவருக்கு என்று அதில் சொன்னார்கள். விற்பதற்குத் தெருவுக்குத் தெரு வழி உண்டு. மீட்பதற்கு வழி இல்லை.

குற்றமல்ல, நோய்

குடிக்கிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. ஆனால் காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் அது நோய். உடம்பு மதுவுக்குப் பழகிப்போய்விட்டது. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும்? முதல் நாளிலேயே நடுக்கமும் வேர்வையும் வரும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பிதற்றுவார். இதைப் பேய் பிடித்தது என்று சொல்லிக் கட்டிப்போட்டு அடித்தால் உயிரே போய்விடும். மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும், டாக்டரின் கண்காணிப்பும் அப்போது வேண்டும். ஆகவே, “இன்றோடு விட்டேன்” என்று சத்தியம் செய்கிற கடுங்குடிக்காரரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இதை ஒவ்வொரு தோழரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் உண்டாகிற மனப் பாதிப்பையும் நோய் என்றே சொல்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை கேட்க உரிமை உண்டு என்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. “மறுவாழ்வு மையம்” என்று பலகை மாட்டி, கதவைப் பூட்டி, பிரம்பால் அடித்துப் பணம் பிடுங்குகிற இடங்கள் அங்கங்கே இருக்கின்றன. பதிவு பெறாத இடத்தில் தோழரை விட்டுவிட்டு வராதீர்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு சர்க்கார் “கலங்கரை” என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. யோசனை கேட்க 14446 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. இவை வந்தது நல்லதுதான். போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆஸ்பத்திரி செய்வது முதல் பாதி வேலைதான். மருந்து பத்து நாளில் உடம்பிலிருந்து மதுவை எடுத்துவிடும். சம்பள நாளன்று கூட்டாளிகள் கூப்பிடுகிற குரலை மருந்து எடுக்காது. வட்டிக்காரன் வாசலில் நிற்பதை எடுக்காது. முப்பது நாள் லீவு போட்டதற்காக வேலையை விட்டு நிறுத்திய ஒப்பந்தக்காரனின் மனதை மாற்றாது. “இவன் எத்தனை நாளைக்கு?” என்று தெருவே சிரிப்பதை நிறுத்தாது. திரும்பி வந்த முதல் மூன்று மாதம் கத்தி முனையில் நடப்பது போன்றது. அந்த மூன்று மாதத்தில் அவனுக்கு யார் துணை என்பதே விஷயம்.

மாலை போட்டவன் கதை

நம் ஊர்களில் எல்லோரும் கண்டறிந்த ஒரு செய்தியைச் சொல்கிறோம். வருஷம் முழுக்கக் குடிக்கிறவர் கார்த்திகையில் மாலை போடுகிறார். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார். அந்த நாற்பத்தொரு நாளும் ஒரு சொட்டு தொடுவதில்லை. எப்படி முடிகிறது? பக்தி என்பார்கள். சரி, பக்தி உள்ளவருக்குப் பக்தி. ஆனால் அவரைச் சுற்றி நடப்பதைக் கவனியுங்கள். கூட்டாளிகள் அவரைக் கூப்பிடுவதில்லை. வீட்டில் தனிப் பாத்திரம், தனிப் படுக்கை. விடியற்காலையிலும் அந்தியிலும் பத்துப் பேரோடு சேர்ந்து குளியலும் பஜனையும் உண்டு. வாட்சுமேன் முதல் பெற்ற பிள்ளை வரை அவரை “சாமி” என்று அழைக்கிறார்கள். நேற்றுவரை “குடிகாரன்” என்று கேட்ட காதில் “சாமி” என்ற சொல் விழுகிறது. ஊரே சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடிக்கிறது.

மாலையைக் கழற்றிய நாற்பத்திரண்டாம் நாள் என்ன நடக்கிறது? அன்று அவரை யாரும் சாமி என்று அழைப்பதில்லை. பத்துப் பேரும் கலைந்து போகிறார்கள். அன்று சாயங்காலமே பாட்டில் திறக்கிறது.

தோழர்களே, ஒரு மனிதன் தன் சொந்த ஜனங்களின் மரியாதைக்குள்ளும் பழக்கவழக்கத்துக்குள்ளும் நிற்கிறபோது நிறுத்த முடிகிறது. அந்த வேலி அவிழ்கிறபோது விழுகிறான். மலைவாழ் மக்களின் விஷயத்தில் இது இன்னும் பெரிய உண்மை.

மலையில் நடப்பது என்ன?

நம் திருச்சி மாவட்டத்துக்குள்ளேயே, துறையூருக்கு மேலே, பச்சைமலை இருக்கிறது. தென்பரநாடு, வண்ணாடு, கோம்பை என்று ஊர்கள். அங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். அவர்கள் கேரளத்து மக்கள் அல்ல. தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள், ஒருவர் வழியினர் சேர்வராயனிலும், ஒருவர் வழியினர் கொல்லிமலையிலும், ஒருவர் வழியினர் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. மரவள்ளியும் சாமையும் போடுகிறவர்கள். மலையில் வேலை இல்லாத மாதங்களில் கீழே இறங்கி, கட்டடத்துக்கும் அறுவடைக்கும் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறவர்கள். நம்மோடு பக்கத்தில் நின்று செங்கல் தூக்குகிற தொழிலாளிகள்.

“மலைக்காரன் என்றால் குடிகாரன்” என்று கீழே இருப்பவர்கள் கூசாமல் சொல்கிறார்கள். இது பழி. இந்தியாவின் பல ஆதிவாசி மக்களுக்கு இலுப்பைப் பூவிலோ தானியத்திலோ வடித்த பானம் உண்டு. கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு, சாவுக்கு என்று அதற்கு நாளும் அளவும் உண்டு. வெள்ளையன் ஆண்டபோது என்ன செய்தான்? சென்னை மாகாணத்தில் 1886-இல் அப்காரிச் சட்டம் கொண்டுவந்தான். வடிப்பதும் விற்பதும் சர்க்கார் லைசென்ஸின் கீழ் வந்தன. குத்தகைக்காரன் வந்தான், கடை வந்தது, கடன் வந்தது. கடனுக்கு நிலம் போயிற்று. ஊர் வைத்திருந்த அளவு போய், குத்தகைக்காரன் லாபமே அளவாயிற்று.

இன்று கல்வராயன் மலை என்றதும் பத்திரிகைக்காரனுக்கு நினைவு வருவது கள்ளச்சாராயம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்களில் மிகுதியானவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், அன்றாடக் கூலிகள். சாவு விழுந்த பிறகு மலை மீது போலீஸ் ஏறியது. மலை மீது டாக்டர் ஏறினாரா? பள்ளிக்கூடமும் சாலையும் ஏறினவா? கல்வராயன் மலை மக்களின் நிலைமை என்ன என்று சென்னை உயர் நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

காக்கிச் சட்டை ஏறிய மலையில் மருந்துப் பெட்டியோடு போகிறவரையும் ஜனங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வாச்சாத்தியில் 1992-இல் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை. அந்த வழக்கில் 215 அதிகாரிகளும் ஊழியர்களும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே மலைக்காரரைக் கீழே இழுத்து வந்து, அவர் பேச்சைக் கேலி செய்கிற வார்டில் படுக்கவைத்து, “நீ திருந்த வேண்டும்” என்று சொல்லி அனுப்பினால் குணம் ஆகாது. இறங்கி வரப் பஸ் செலவு, துணைக்கு வருகிற மனைவியின் கூலி நஷ்டம், மலையில் தனியாக நிற்கிற பிள்ளைகள் என்று கஷ்டம் பல. போன ஆள் திரும்பிப் போனால், அங்கே அவரைத் தாங்க யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கீழே உள்ள டாக்டருக்கும் மேலே உள்ள ஊருக்கும் நடுவில் பாலம் இல்லை.

தாங்களே எழுந்த மக்கள்

ஆதிவாசிகள் குடியை எதிர்த்துத் தாங்களே எழுந்திருக்கிறார்கள். 1922-இல் தெற்குக் குஜராத்தில், சூரத் பக்கத்தில், ஆதிவாசிகள் ஆயிரம் ஆயிரமாகக் கூடினார்கள். தங்கள் மேல் தேவி வந்திருக்கிறாள் என்றார்கள். “கள்ளும் சாராயமும் விடு, தினம் குளி, சாராயக்கடைச் சாகுகாரிடம் கூலிக்குப் போகாதே” என்று தேவியின் வாக்கு வந்தது. சாகுகார்கள் ஆடிப்போனார்கள். வெளியிலிருந்து யாரும் வந்து பிரசங்கம் செய்யவில்லை. அவர்கள் தெய்வத்தின் வாயால், அவர்கள் பாஷையில், அவர்கள் எதிரியைச் சுட்டிக்காட்டி வந்த சொல் அது. பின்னால் பல ஊர்களில் ஆவேசம் தணிந்தது, பழையபடி கடை நிறைந்தது. ஸ்தாபனம் இருந்த இடத்தில் மட்டும் நின்றது. இந்தப் பாடத்தையும் மறக்கக் கூடாது.

ஸ்தாபனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தல்லி ராஜ்ஹராவைப் பாருங்கள். நம் பக்கத்திலே 1965 முதல் பாய்லர் ஆலை நிற்பது போல, அங்கே பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது வெட்டுகிற சுரங்கங்கள் இருக்கின்றன. சத்தீஸ்கரின் ஆதிவாசிகள் ஒப்பந்தக்காரனிடம் கையால் கல் உடைத்தார்கள். 1977-இல் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் கண்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 2, 3 தேதிகளில் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் பலியானார்கள். சங்கம் அழியவில்லை, கூலி உயர்ந்தது. கூலி உயர்ந்ததும் சாராயக் கடையில் கூட்டம் உயர்ந்தது! இதற்குத்தானா ரத்தம் சிந்தினோம் என்று பெண்கள் கேட்டார்கள். அவர்களும் சுரங்கத்தில் கல் சுமந்த தொழிலாளிகள்.

சங்கம் என்ன செய்தது? குடியை நிறுத்துவதைச் சங்கக் கட்டுப்பாடாக்கியது. தெருக்கள்தோறும் கூட்டம் போட்டுப் பேசியது. சத்தீஸ்கர் பாஷையில் பாடி ஆட, புது விடியல் என்று பொருள்படும் “நவா அஞ்ஜோர்” என்ற கலைக்குழு உண்டாயிற்று. பஞ்ச காலத்தில் தானியக் கிடங்கைத் திறந்து ஏழைகளுக்குக் கொடுத்து, 1857 டிசம்பரில் ராய்ப்பூரில் தூக்கிலே தொங்கிய ஆதிவாசி வீரன் நாராயண் சிங்கின் நினைவைத் தோண்டியெடுத்து விழாவாக்கினார்கள். “நீ குடிகாரன் பரம்பரை அல்ல, வீரன் பரம்பரை” என்று தொழிலாளிக்குச் சொன்னார்கள். சங்கத்தின் உபதலைவி குசும்பாய் பிரசவத்தில் இறந்த பிறகு, நமக்கென்று ஆஸ்பத்திரி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தங்கள் காசைப் போட்டு, தங்கள் கையாலே கட்டி, 1983 ஜூன் 3 அன்று ஷஹீத் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். சுடப்பட்ட தியாகிகளின் பெயரை அதற்கு வைத்தார்கள். பினாயக் சென், சைபால் ஜானா போன்ற டாக்டர்கள் அங்கே வந்து உழைத்தார்கள். தொழிலாளிகளே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றார்கள். போராட்டமும் நிர்மாணமும் இரண்டு கால்கள் என்றார் நியோகி. அவர்கள் கொடியின் சிவப்பு தொழிலாளிக்கு, பச்சை விவசாயிக்கு. 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் தூங்கிக்கொண்டிருந்த நியோகியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்பத்திரி நிற்கிறது.

கடலுக்கு அப்பால்

கனடாவின் மேற்கு மூலையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், அல்கலி ஏரி என்ற சின்ன ஊர். பூர்வகுடி மக்கள் வாழ்வது. அவர்கள் பிள்ளைகளைப் பாதிரிமார் விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்தார்கள். வளர்ந்த தலைமுறை மதுவில் மூழ்கிற்று. ஏறக்குறைய ஊரே குடித்தது. 1972-இல் ஃபிலிஸ் செல்சி என்ற பெண் குடியை நிறுத்தினார். “நீங்கள் குடிக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்” என்று அவருடைய சின்ன மகள் சொன்ன சொல் அவரை உலுக்கிவிட்டது. சில நாளில் கணவர் ஆண்டி செல்சியும் நிறுத்தினார். ஊர்த் தலைவரும் ஆனார்.

இரண்டு பேர் தொடங்கியது ஊர் இயக்கமாயிற்று. கள்ளத்தனமாக மது விற்றவர்களை வெளியேற்றினார்கள். உதவிப்பணம் கடைக்குப் போகாமலிருக்க, சாமான் வாங்கும் சீட்டாகக் கொடுத்தார்கள். யாராவது சிகிச்சைக்குப் போனால், ஊரார் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் திரும்பி வருமுன் வீட்டைச் செப்பனிட்டு வைத்தார்கள். வந்ததும் வேலை காத்திருந்தது. மறந்துபோன ஆட்டமும், பாட்டும், பழைய நீராவிக் குளியல் சடங்கும் திரும்பின. பத்து வருஷத்துக்குள் ஊரில் மிகப் பெரும்பாலோர் குடியை விட்டார்கள். தங்கள் கதையைத் தாங்களே நடித்துச் சினிமாவும் எடுத்தார்கள். “முதலில் வீட்டைச் செப்பனிட்டார்கள்” என்பதை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து அனுபவம்

அவ்வளவு தூரம் போவானேன்? நம் காவிரிப் படுகையிலேயே, குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில், சென்னை டி.டி.கே. ஆஸ்பத்திரிக்காரர்கள் 1989 முதல் முகாம் நடத்தினார்கள். சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1980-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. நோயாளியைச் சென்னைக்கு அழைக்காமல், சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டு வந்தார்கள். பதினைந்து நாள் முகாம். குடும்பமும் உடன் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்றார்கள். முகாம் முடிந்த பின்னும் அதே ஊரில் கூடிப் பேசித் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

நீலகிரியின் கூடலூரில் பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் மக்கள் 1980களில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கண்டு, நில உரிமைக்கு ஊர்வலம் நடத்தி, பின்னர் தங்கள் ஆஸ்பத்திரியையே உண்டாக்கினார்கள். அந்த ஜனத்தின் பெண்களே நர்ஸுகள். குக்கிராமங்கள்தோறும் அவர்களிலிருந்தே சுகாதாரத் தொண்டர்கள். பிரசவத்துக்கும் காசநோய்க்கும் ரத்தச்சோகைக்கும் அமைத்த அந்தப் பாதையிலேயே குடிநோய்க்கும் நடக்கலாம். தன் பாஷை பேசுகிற, தன் பாட்டியைத் தெரிந்த பெண் வந்து கதவைத் தட்டினால் மலை வீட்டில் கதவு திறக்கும்.

ஐந்து கைகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? ஆஸ்பத்திரி, நர்ஸு, ஊர், சங்கம், குடும்பம் என்று ஐந்து கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடினால் ஓசை வராது. ஐந்தையும் கோப்பதே நாம் சொல்கிற வேலை.

ஆஸ்பத்திரியின் கை: துவாக்குடி சர்க்கார் ஆஸ்பத்திரியிலும், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும், துறையூரிலும் குடிநோயாளிக்கென்று படுக்கையும் மருந்தும் தட்டில்லாமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, “மறுபடி எப்போது வர வேண்டும், யார் பார்ப்பார்கள்” என்று எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். அந்தச் சீட்டு நோயாளி சம்மதித்த ஆளிடம் மட்டும் போக வேண்டும். அவன் நோய் ஊர் சிரிக்கிற செய்தி ஆகக் கூடாது.

நர்ஸின் கை: மலைக்கு மலைப் பெண்களையே பயிற்றி நியமிக்க வேண்டும். முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வருஷம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி ஓசியில் வேலை வாங்கக் கூடாது.

ஊரின் கை: மலையில் ஊர்க் கவுண்டரும் மூப்பனும் பெரியவர்களும் கூடி, திருவிழாவில் கடைச் சரக்கு நுழையாது என்று முடிவு செய்தால் எந்தப் போலீஸும் செய்யாததைச் செய்த மாதிரி. எது பழைய வழக்கம், எது குத்தகைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். நாம் போய் அவர்கள் சாமியையும் சடங்கையும் திருத்த வேண்டாம். அவர்கள் கேட்டால் டாக்டரை அழைத்துப் போவதும், மனு எழுதுவதும், பஸ் கேட்டுப் போராடுவதும் நம் வேலை.

சங்கத்தின் கை: சிகிச்சைக்குப் போனவனை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிற தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உதவித்தொகை உண்டு. குடிநோயும் நோய்தான் என்று சட்டத்தைக் காட்டி அதைக் கேட்போம். ஈ.எஸ்.ஐ. இல்லாத நடவாளுக்கும் மலைக்கூலிக்கும் சிகிச்சை நாட்களுக்குக் கூலி நஷ்டம் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று கேட்போம். 45,000 கோடி எடுப்பவர்களுக்கு இதற்குக் காசில்லை என்று சொல்ல வாய் வராது! அதோடு, சம்பள நாளன்று திரும்பி வந்த தோழரோடு இரண்டு பேர் வீடு வரை கூட நடங்கள். அந்த ஒரு மைல் தூரம் மாத்திரையை விடப் பெரிய மருந்து.

குடும்பத்தின் கை: தாய்மார்களே, உங்கள் சுமை எங்களுக்குத் தெரியும். அடியும் பசியும் பொறுத்துக்கொண்டு “நீதான் திருத்த வேண்டும்” என்ற பொறுப்பையும் உங்கள் தலையில் ஏற்ற மாட்டோம். அடிப்பவனைச் சங்கம் தட்டிக் கேட்கும். அவன் சிகிச்சையில் இருக்கும்போது உங்கள் வீட்டுக்கு அரிசி வருகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை.

கடைசியாக ஒன்று. நின்றவன் மறுபடி விழலாம். விழுந்தால், “சொன்னேனே பார்த்தாயா” என்று கைகொட்டாதீர்கள். நெடுநாள் நோய் எதுவும் ஒரே தடவையில் விடுவதில்லை. சர்க்கரை ஏறினால் மறுபடி டாக்டரிடம் போகிறோம் அல்லவா? அப்படியே இதற்கும் மறுபடி அழைத்துப் போவோம். ஏழு முறை விழுந்தவனும் எட்டாம் முறை எழலாம். எழுந்து நின்றவன்தான் அடுத்தவனுக்கு மிகச் சிறந்த தொண்டன்.

சாமி என்று அழைத்தபோது நின்றவனை நாற்பத்திரண்டாம் நாள் என்ன சொல்லி அழைப்பது? நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. “தோழர்” என்று அழைப்போம். மாலையைக் கழற்றுவது போல அந்தச் சொல்லை யாரும் கழற்ற முடியாது. அழைத்த பிறகு அதற்கேற்ப அவனோடு நடக்கவும் வேண்டும்.

வருகிற மாதச் சங்கக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் பெயர் கொடுங்கள். துவாக்குடி, திருவெறும்பூர் பகுதிக்கு ஒரு குழு. பச்சைமலைத் தோழர்கள் தங்கள் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு குழுவும் மாதம் ஒரு முறை துறையூரில் உட்கார்ந்து பேசும். கோரிக்கை மனுவை மாவட்ட ஆட்சியரிடம் மலையும் ஆலையும் வயலும் சேர்ந்தே கொடுப்போம்.

குடிநோயாளிக்குச் சிகிச்சை வேண்டும்! சிகிச்சைக்குப் போனவனுக்கு வேலை வேண்டும்! மலைக்கு மருத்துவம் வேண்டும்!